நண்டு வலையும் பிரேக் பட்டறையும்

தேவிபட்டினத்துக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள், கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களைச் சுற்றி, நவதானியம் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அதே கரையில் காலை நேரத்தில் வலையை விரித்துப் போட்டு, அதில் சிக்கிய நண்டுகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து கழற்றுகிறவர்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு. தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, காரங்காடு, தொண்டி என்று பாக் நீரிணையை ஒட்டி நீளும் இந்தக் கரைக்கு நீலக்கால் நண்டு முக்கியமான வரும்படி. உள்ளூர்ச் சந்தைக்குப் போனது போக, அதன் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை பயணம் போகிறது.

இங்கிருந்து ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர் அப்பால், சென்னை பாடியில் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் காற்று பிரேக் செய்யும் ஆலை ஒன்று உருவானது. 1962இல் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. 2002இல் அதே பிரிவு ஜப்பான் தர விருதையும் பெற்றது. அதே ஆண்டு டிவிஎஸ் மோட்டாருக்கும் டெமிங் பரிசு கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ரானே குழும நிறுவனங்கள் வரிசையாக அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ‘லீன்’ என்று இன்று எல்லாத் தொழிற்பேட்டைகளிலும் பேசப்படுகிற சிக்கன உற்பத்தி முறை தமிழ்நாட்டில் வேர்பிடித்த இடங்களில் பாடிக்கு முன்வரிசை இடம் உண்டு.

இந்த இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வலிந்து செய்த ஒப்பீடாகத் தோன்றலாம். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் பயிற்சியாளர்களாகப் போகிறார்கள். அம்மா கரையில் நண்டு கழற்ற, மகன் ஆலையில் போல்ட் முடுக்குகிற வீடுகள் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இருவரும் வேலையை வேலை செய்தே கற்றவர்கள். இரண்டு இடத்திலும் பழுது என்பது பண இழப்பு. அப்படியிருந்தும் ஒருவருடைய திறமையை உலகம் பயிற்சி என்கிறது, மற்றவருடையதைப் பழக்கம் என்று சொல்லிவிட்டு நகர்கிறது. இந்த வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதே இந்த ஒப்பாய்வின் நோக்கம்.

கப்பல் பட்டறையில் பிறந்த பாடம்

சிக்கன உற்பத்தியின் பயிற்சி முறை ஜப்பானில் முளைத்தது என்றே பலர் நினைக்கிறார்கள். அதன் மூலம் கடற்கரையில் இருக்கிறது. முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்கு அவசரமாகக் கப்பல்கள் தேவைப்பட்டன. கட்டத் தெரிந்த கைகள் போதவில்லை. அப்போது சார்லஸ் ஆலன் என்ற தொழிற்கல்வியாளர், கப்பல் பட்டறைத் தொழிலாளிகளுக்கு வேலை கற்றுத்தர நான்கு படி முறை ஒன்றை வகுத்தார். கற்பவரைத் தயார் செய்வது, வேலையைச் செய்து காட்டுவது, அவரையே செய்யவைப்பது, கற்றுக்கொண்டாரா என்று சோதிப்பது. இதை அவர் 1919இல் நூலாகவும் எழுதினார்.

இரண்டாம் உலகப் போரில் அதே சிக்கல் இன்னும் பெரிதாக வந்தது. 1940 முதல் 1945 வரை அமெரிக்க அரசு நடத்திய ‘டிடபிள்யூஐ’ என்னும் தொழிலகப் பயிற்சித் திட்டம் ஆலனின் படிகளை எடுத்துச் செதுக்கிக்கொண்டது. மேற்பார்வையாளர்களை இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகள் உட்காரவைத்து, அவரவர் பணியிடத்து வேலையையே கொண்டுவரச் சொல்லி, அதைப் பிறருக்குக் கற்றுத்தரப் பழக்கினார்கள். போருக்குப் பின் அமெரிக்கா இதைக் கைவிட்டது. ஜப்பான் பிடித்துக்கொண்டது. டொயோட்டா 1951 வாக்கில் இதைத் தன் ஆலைக்குள் கொண்டுவந்து, தன் உற்பத்தி முறையின் அடித்தளங்களில் ஒன்றாக ஆக்கியது. அங்கிருந்து சுற்றி, ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலோடு பாடிக்கு வந்து சேர்ந்தது. சுந்தரம் கிளேட்டனுக்கு வழிகாட்டியவர்களில் பேராசிரியர் யோஷிகாசு சுடா முக்கியமானவர்.

ஆக, ஆலைக்குள் இன்று நடக்கும் பயிற்சிக்கும் படகு கட்டும் கரைக்கும் உறவு பழையது. பாக் நீரிணைக் கரையில் வள்ளமும் வத்தையும் கட்டிய ஆசாரிகளிடம் ஏரா வைப்பதையும், வங்கு பொருத்துவதையும், பலகை இடுக்கில் கலப்பத்து அடைப்பதையும் கற்றவர்கள் யாரும் வகுப்பறையில் கற்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தார்கள், எடுபிடி செய்தார்கள், ஒரு நாள் உளியைக் கையில் வாங்கினார்கள். ஆலனின் நான்கு படிகளில் முதல் மூன்று அங்கே இருந்தன. நான்காவது படியான சோதனையைக் கடல் செய்தது.

கற்றுத்தரும் விதம்

இப்போது இரண்டு வேலைகளைக் கிட்டத்தில் பார்ப்போம்.

மாலையில் விட்ட நரம்பு வலையை விடியலில் இழுத்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். நண்டின் பத்துக் கால்களும் கண்ணிகளில் சுற்றிக் கிடக்கும். உயிரோடு இருக்கும் நண்டு கவ்வினால் விரல் பிளக்கும். பழகிய கை, நண்டின் பின்பக்கத்தில் துடுப்பு போலிருக்கும் நீந்துகால்களின் அடியில் பிடிக்கிறது. அங்கே பிடித்தால் கவ்வுகால் எட்டாது. பிறகு காலை இழுக்காமல் கண்ணியைத் தள்ளித் தள்ளி விடுவிக்கிறது. காலை இழுத்தால் நண்டு தானாகவே அதைக் கழற்றிவிடும். எதிரியிடமிருந்து தப்ப இயற்கை அதற்குக் கொடுத்த உபாயம் அது. கால் போன நண்டுக்கு விலை இறங்கும். கடைசியாக வயிற்றைத் திருப்பிப் பார்க்கிறது. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சினை ஒட்டியிருக்கிறதா, பொரிக்கும் நாள் நெருங்கிக் கறுத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள.

இதையெல்லாம் யாரும் யாருக்கும் வரிசையாகச் சொல்வதில்லை. சிறுமி பாட்டியின் பக்கத்தில் உட்காருகிறாள். ஒருமுறை கடி வாங்குகிறாள். அடுத்தமுறை பிடி மாறுகிறது. ஏன் அங்கே பிடிக்க வேண்டும் என்று கேட்டால் பாட்டி, “அப்படித்தான் பிடிக்கணும்” என்பாள்.

ஆலையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையை நேராக உற்பத்தி வரிசையில் நிறுத்த மாட்டார்கள். ‘டோஜோ’ என்று ஜப்பானியப் பெயரிலேயே வழங்கும் பயிற்சிக்கூடம் பல வாகன ஆலைகளில் உண்டு. அங்கே உண்மையான பாகங்களை வைத்து, உண்மையான கருவியால், ஒரே போல்ட்டை நூறு முறை முடுக்கிப் பழகவேண்டும். கையில் மூன்று பத்தி கொண்ட ஒரு தாள். முதல் பத்தியில் வேலையின் படி, இரண்டாவதில் கவனிக்க வேண்டியது, மூன்றாவதில் அதற்கான காரணம். போல்ட்டை முதலில் கையால் இரண்டு சுற்றுத் திருகு. மரை நேராகப் பிடித்ததா என்று விரலால் உணர். கோணலாகப் பிடித்தால் கருவி மரையைத் தின்றுவிடும். டார்க் ரெஞ்சு ‘டக்’ என்று சொல்லும்வரை முடுக்கு. பெயிண்ட் பேனாவால் கோடு போடு. கோடு இல்லாத போல்ட் முடுக்காத போல்ட் என்று அடுத்தவருக்குத் தெரியவேண்டும்.

இரண்டையும் ஒப்பிட்டால் கைப்பழக்கத்தில் கரை ஒரு படி மேல். பாட்டியின் விரல் வேகத்தை எந்த டோஜோவும் சில வாரங்களில் உண்டாக்க முடியாது. மூன்றாவது பத்தி மட்டும் கரையில் இல்லை. காரணம் தெரியாமல் கற்ற கை, நிலைமை மாறாத வரை தடுமாறாது. வலையின் கண்ணி அளவோ, வாங்குகிறவனின் எதிர்பார்ப்போ மாறும்போதுதான் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று தெரியாமல் திணறும். அந்த மூன்று பத்தித் தாளை நண்டு கழற்றும் வேலைக்கும் எழுத முடியும் என்பதற்கு, நண்டு கழற்றுவதை மேலே விவரித்த விதமே சாட்சி. பிடி, விடுவி, திருப்பு என்று மூன்று படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கவனம், ஒரு காரணம்.

பழுது யார் கணக்கில்?

இரண்டு பயிற்சிகளும் பெரிதும் பிரிகிற இடம் இதுதான்.

டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ ஏழு வீண்களைப் பட்டியலிட்டார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, இடம் மாற்றுவது, வேண்டாத செய்முறை, குவித்து வைப்பது, வீண் அசைவு, பழுது. பட்டியலை மனப்பாடம் செய்வது எளிது. ஓனோ அதைக் கற்றுத்தந்த விதம்தான் கடினம். ஆலைத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அதற்குள் ஆளை மணிக்கணக்கில் நிற்கவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்பாராம். பார்க்கக் கற்பதே முதல் பாடம். பார்த்ததைச் சொல்ல இடமிருப்பது இரண்டாவது. பாடியைப் போன்ற ஆலைகளில் இந்த இடத்தை நிரப்பியவை தர வட்டங்கள். இந்தியாவில் 1980களின் தொடக்கத்தில் பாரத மிகுமின் நிறுவனமான பெல் வழியாக அறிமுகமான இவற்றில், ஒரே பகுதியில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து உட்கார்ந்து, வந்த பழுதை எடுத்துவைத்து, ஏன் ஏன் என்று அடிவரை போய், மாற்றுவழியை முயன்று பார்ப்பார்கள். பாகம் தலைகீழாக உட்கார்ந்துவிடுகிறது என்றால் ‘கவனமாக இரு’ என்று அறிவுரை சொல்லி முடிப்பதில்லை. தலைகீழாக வைத்தால் உட்காரவே உட்காராதபடி தாங்கியில் ஒரு முளையை வைத்துவிடுவார்கள்.

அதாவது அங்கே பழுது, பழுது செய்த கைக்கே செய்தியாகத் திரும்பி வருகிறது. எந்தப் பாகம், எந்த நேரம், எந்த இயந்திரம் என்ற விவரத்தோடு வருகிறது. வந்ததும் ஆளைத் திட்டுவதற்கு முன் முறையைச் சந்தேகிக்கிறார்கள்.

கரையில் பழுது பண இழப்பாகத் திரும்புகிறது, செய்தியாகத் திரும்புவதில்லை. நண்டு வியாபாரியின் கைக்குப் போகிறது. அங்கிருந்து அவிக்கும் கொட்டகைக்கு, சதை எடுக்கும் கூடத்துக்கு, ஏற்றுமதி ஆலைக்கு. சதை எடுக்கும் பெண்கள் ஓட்டைப் பிரித்து, சதையை வகை பிரிக்கிறார்கள். நீந்துகால்களை அசைக்கும் இரண்டு பெரிய தசைகள் உடையாமல் முழுசாக வந்தால் அது ‘ஜம்போ லம்ப்’, எல்லாவற்றிலும் விலை கூடியது. உடைந்த துண்டுகள் அடுத்தடுத்த வகைகள். கவ்வுகால் சதை கடைசி. நண்டு நசுங்கியிருந்தாலும், செத்து வெயிலில் நேரம் கழித்து வந்திருந்தாலும் அந்தத் தசை குழைந்துவிடும். எத்தனை கிலோவில் எவ்வளவு முழுத் தசை வந்தது என்பது கூடத்தில் அன்றாடம் எழுதப்படுகிற கணக்கு. தேவிபட்டினத்தில் வலை பிரித்தவருக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. அவருக்குத் தெரிவதெல்லாம் இன்று விலை குறைவு என்பதுதான். சந்தை இறங்கியதா, தன் நண்டு நசுங்கியதா என்று பிரித்தறிய வழியில்லை. வியாபாரியிடம் வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கவும் வாய் வராது.

இழப்பை முழுக்கத் தானே சுமக்கிற ஆள், அந்த இழப்பின் காரணத்தை அறியாத ஆளாகவும் இருக்கிறார். ஆலையில் இதற்கு நேர்மாறு. இழப்பு நிறுவனத்துடையது, காரணம் தொழிலாளிக்குச் சொல்லப்படுகிறது. கற்கும் திறமையில் இரண்டு இடத்துக்கும் வேறுபாடு இல்லை. செய்தி போகிற பாதையில்தான் வேறுபாடு.

இடையில் ஒரு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1997இல் சுகாதாரக் குறைபாடு காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவைத் தடுத்தது. அந்த ஆண்டின் இறுதியிலேயே அமெரிக்காவிலும் கடலுணவுப் பாதுகாப்புக்கான ‘ஹாசப்’ விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏற்றுமதி ஆலைகள் வெள்ளை ஓடு பதித்தன, கையுறை போட்டன, வெப்பநிலையைப் பதிவேட்டில் எழுதின. நல்ல மாற்றம்தான். ஆனால் அது வெளியிலிருந்து வந்த கட்டளை. பதிவேடு ஆய்வாளருக்காக எழுதப்பட்டது. பாடியில் எழுதப்பட்ட தாள் வேலை செய்கிறவருக்காக எழுதப்பட்டது. ஒரே மாதிரி இரண்டு காகிதங்கள் இரண்டு வேறு விளைவைத் தந்ததற்கு இதுவே காரணம்.

முறையை மாற்றும் உரிமை

சுதந்திரம் என்று பார்த்தால் கரையில் இருப்பவருக்கே அது அதிகம். உட்காரும் இடத்தை, கூடையை, வேலை வரிசையை அவர் நினைத்த மாத்திரத்தில் மாற்றலாம். யார் கையெழுத்தும் வேண்டாம். ஆலையில் ஒரு பாகம் வைக்கும் தட்டை ஒரு சாண் நகர்த்தவும் யோசனைத் தாள் எழுதி, முயன்று, ஒப்புதல் வாங்கவேண்டும். ஆனால் ஒப்புதல் கிடைத்த மாற்றம் மூன்று ஷிப்டுக்கும் போய்ச் சேர்கிறது. கரையில் ஒரு வீட்டுப் பெண் கண்டுபிடித்த நல்ல வழி அடுத்த வீட்டுக்குப் போக ஒரு கல்யாணம் நடக்கவேண்டியிருக்கிறது.

ஆலைப் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. பயிற்சியாளர் என்ற பெயரில் ஓராண்டு, ஈராண்டுக்கு எடுத்து அனுப்பிவிடும் வழக்கம் தொழிற்பேட்டைகளில் பரவலாக இருக்கிறது. கண் திறந்து வீண்களைப் பார்க்கத் தொடங்குகிற நேரத்தில் அந்தப் பிள்ளை வெளியே நிற்கிறான். நிரந்தர வேலையில் இருந்தவர்களின் தர வட்டங்கள் வளர்த்த முறையை, வந்து போகிற ஆட்களைக்கொண்டு காப்பாற்ற முடியாது. கர்நாடகத்தின் பிடதியில் டொயோட்டா 2007இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பத்தாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து மூன்று ஆண்டு தங்கவைத்துச் சொல்லித்தருகிறது. கண் பழக அவ்வளவு காலம் வேண்டும் என்று டொயோட்டாவே ஒப்புக்கொள்வதாகத்தான் இதைக் கொள்ளவேண்டும். கரையிலோ கண் பழகாமல் யாரும் கடலில் வலை விடுவதில்லை. வாடையா, கொண்டலா, கச்சானா என்று காற்றைப் பார்த்து, நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வலை விடுகிறவருக்கு ஓனோவின் வட்டம் தேவையில்லை. அவர் வாழ்நாள் முழுக்க அதற்குள்தான் நிற்கிறார்.

ஒப்புமை நிற்கும் எல்லை

ஆலையின் முறை அப்படியே கரைக்குப் பொருந்தாது. சிக்கன உற்பத்தி கேட்பவர் கேட்ட அளவுக்குச் செய்வதில் தொடங்குகிறது. கடல் கேட்பதைத் தருவதில்லை, தருவதைத் தருகிறது. ஒரு நாள் வலை நிறையும், மறுநாள் பாசியும் சிப்பியும்தான் வரும். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வரத்தைச் சீராக்கும் வித்தை இங்கே செல்லாது. ஆலையில் தேவையான பாகத்தைக் கேட்டு அனுப்பும் கான்பான் அட்டையைக் கடலுக்குக் காட்ட முடியாது.

ஓனோவின் ஏழு வீண்களில் இடம்பெறாத ஒன்றும் இங்கே உண்டு. சினை நண்டைப் பிடித்துக் கொன்றால் அது அடுத்த பருவத்தின் வரும்படியை இன்றே தின்பது. எந்த ஆலையின் கணக்கிலும் இப்படி ஒரு வீண் வராது. சினை நண்டைக் கடலில் விடும்படி விஞ்ஞானிகள் நீண்டகாலமாகச் சொல்லிவருகிறார்கள். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இருந்ததும் இதே மாவட்டத்தின் மண்டபம் என்னும் ஊரில்தான். ஆனாலும் விட்டவருக்கு இழப்பு இன்றைக்கு, லாபம் எல்லோருக்கும் என்றிருக்கும் வரை அறிவுரை மட்டும் வேலை செய்யாது.

கரைக்கு வரவேண்டியவை இரண்டு. காரணத்தோடு கற்றுத்தரும் மூன்றாம் பத்தி ஒன்று. பழுதின் செய்தி திரும்பி வரும் பாதை மற்றது. ஜப்பானியச் சொற்களும் சுவரொட்டிகளும் வராவிட்டாலும் குறையில்லை.

தீர்ப்பு

இதற்கான கருவிகள் சில ஏற்கெனவே நாட்டில் இருக்கின்றன. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தின் ‘நெட்ஃபிஷ்’ அமைப்பு 2007 முதல் இறங்குதளங்களில் மீனவர்களுக்குக் கையாளும் முறை பற்றிய பயிற்சி தருகிறது. மீனுக்குச் சரி எடை ஐஸ் போடு என்பது போன்ற பாடங்கள் அதில் உண்டு. மத்திய அரசின் சிறு, குறு நிறுவனங்களுக்கான லீன் திட்டம் 2023 மார்ச்சில் புது வடிவில் வந்தது. வழிகாட்டும் ஆலோசகருக்கான செலவில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு மேலும் 5 விழுக்காடு. நண்டுச் சதை எடுக்கும் கூடங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். வலை பிரிக்கும் குடும்பம் எந்த நிறுவனமாகவும் பதிவாகாததால் திட்டம் கூடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. சதையின் தரமோ அந்த வாசலுக்கு வெளியே, மணலில் தீர்மானமாகிறது.

ஆகவே நண்டு வாங்கும் ஆலைகளுக்கும் பயிற்சி தரும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயிற்சியைக் கூட்ட அரங்கில் நாற்காலி போட்டு நடத்தாதீர்கள். காலையில் வலை பக்கத்தில் உட்கார்ந்து நடத்துங்கள். நன்றாகக் கழற்றத் தெரிந்த பெண்ணையே ஆசிரியராக வையுங்கள், அவர் கை செய்வதை மூன்று பத்தியில் தமிழில் எழுதுங்கள், காரணத்தைக் கூடத்திலிருந்து கொண்டுவந்து சேருங்கள். நேற்று அனுப்பிய நண்டில் எவ்வளவு முழுத் தசை வந்தது, எவ்வளவு குழைந்தது என்று ஒரு சீட்டு இன்று கரைக்குத் திரும்பட்டும். அந்தச் சீட்டை அனுப்ப ஆலைக்குச் செலவு எதுவும் ஆகாது. கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது.